லாரியின் கூரையில் காற்று விலக்கி பொருத்தினால் டீசல் மிச்சமாகுமா?

ஈசூன் காய்கறி லாரி:
வணக்கம். என்னுடையது 5 டன் எடைப் பிரிவிலுள்ள 14 அடி பெட்டி லாரி. பெட்டியின் முகப்பு கேபினைவிட முக்கால் மீட்டர் உயரமாக, சுவர்போல நிற்கிறது. அதிகாலையில் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் சரக்கேற்றி, தேக்காவில் தொடங்கி ஈசூன் வரை 20 கடைகளில் இறக்குகிறேன். 100 கிலோமீட்டருக்கு 17 லிட்டர் டீசல் செலவாகிறது. கேபின் கூரையில் காற்று விலக்கி, அதாவது எதிர்க்காற்றைப் பெட்டிக்கு மேலே திருப்பிவிடும் சாய்வான தகடு, பொருத்தினால் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பழைய மெக்கானிக்:
ஐயா, அந்தக் கணக்கு நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஓடும் வண்டிக்குச் சரிவரலாம். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதில் பாதிகூட 60இல் இராது. 30இல் ஒன்பதில் ஒரு பங்குதான். இங்கே உங்கள் வண்டிக்கு விரைவுச்சாலையிலும் 60தானே வரம்பு!

உங்கள் டீசலைத் தின்பது பிரேக். முழுச் சுமையோடு 50இல் வரும் 5 டன் வண்டியை ஒருமுறை நிறுத்தினால், அந்த வேகத்தை மீண்டும் எட்டுவதற்கு மட்டும், இயந்திரம் டீசலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 40 மில்லிலிட்டர் வேண்டும். இருபத்தைந்து நிறுத்தத்துக்கு ஒரு லிட்டர். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். டயர் காற்றழுத்தத்தை வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

ஈசூன் காய்கறி லாரி:
நன்றி அண்ணே. பெட்டியின் அடிச்சட்டம் துருப்பிடித்துவிட்டதால் எப்படியும் இவ்வாண்டு மாற்ற வேண்டும். புதிதாகக் கட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய மெக்கானிக்:
அப்படியென்றால் கதையே வேறு. முதலில், கூடைகளை எத்தனை அடுக்கு வைக்கிறீர்கள்?

ஈசூன் காய்கறி லாரி:
ஐந்து. அதற்கு மேல் வைத்தால் அடியிலுள்ள தக்காளி நசுங்கிவிடும். மேலே ஒன்றரை அடி காலியாகவே இருக்கும்.

பழைய மெக்கானிக்:
அந்த ஒன்றரை அடி வெற்றிடத்தைத்தான் தினமும் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். கைக்கு இடம் விட்டு ஓர் அடியைக் குறையுங்கள். எடையும் குறையும், காற்று மோதும் பரப்பும் குறையும். முகப்பின் மேல் விளிம்பையும் பக்க விளிம்புகளையும் வளைவாகக் கட்டச் சொல்லுங்கள். கூரான விளிம்பில் காற்று பிய்ந்து சுழல்வதால்தான் பெட்டி பின்னுக்கு இழுக்கிறது. எஃகுச் சட்டத்துக்குப் பதில் அலுமினியம் போட்டால் விலை கூடும், ஆனால் உங்களைப்போல நின்று நின்று போகும் வண்டிக்கு எடைக் குறைப்பே பெரிய ஆதாயம். கட்டுவதற்கு முன், புதிய அளவுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டுமா என்று பரிசோதனை நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

ஈசூன் காய்கறி லாரி:
காற்று விலக்கிக்குக் கொடுக்கவிருந்த முன்பணத்தை நிறுத்திவிட்டேன். நாளை சரக்கிறக்கியதும் அளவுநாடாவோடு பெட்டிக்குள் ஏறுகிறேன்.