பேர வாவித் தண்ணீர்: வெள்ளி ஒரு ரீடிங், செவ்வாய் இன்னொன்று. எங்கே பிழை?

கடைசி வருடம்: வணக்கம். கடைசி வருட ப்ரொஜெக்டுக்காக வெள்ளிக்கிழமை நண்பகல் கொழும்புப் பேர வாவியில் இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்தேன். ஒன்றை அன்று மாலையே பார்த்தேன்: பிஎச் 9.2, நைத்திரேற்று 1.8. திங்கள் போயா விடுமுறை. மற்றது செவ்வாய் வரை லேப் அலுமாரியிலேயே கிடந்துவிட்டது. இப்போது பிஎச் 7.3, நைத்திரேற்று 0.3. அமோனியாவும் பொசுபேற்றும் ஏறியிருக்கின்றன! மீற்றரை இரண்டு தரம் கலிபரேட் செய்தாயிற்று.

நீர்க்குமிழி: தம்பி, மீற்றரை விடுங்கள். வடிகட்டினீர்களா? மூடியைத் திறந்தபோது மணத்ததா?

கடைசி வருடம்: வடிகட்டவில்லை அக்கா. வாய்க்கால் மணம். அடியில் பச்சைப் படிவு.

நீர்க்குமிழி: அப்போ அதுதான். பகலில் அந்தப் பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால்தான் பிஎச் 9க்கு மேல் நிற்கிறது. இருட்டில் அதே பாசி சுவாசித்து அதைத் திருப்பி விடும், பிஎச் இறங்கும். செத்து அழுகினால் அமோனியாவும் பொசுபேற்றும் கரைந்து வரும். ஒட்சிசன் தீர்ந்ததும் பக்டீரியா நைத்திரேற்றில் கைவைத்து, நைதரசன் வாயுவாக்கிவிடும்.

பிப்பெற்று: நாலு துளி நைத்திரிக் அமிலம் விட்டால் எல்லாம் அடங்கிவிடும். எங்கள் லேபில் அப்படித்தான்.

நீர்க்குமிழி: அண்ணா, நைத்திரேற்று அளக்கப்போகும் தண்ணீரிலா? அந்த அமிலமே நைத்திரேற்றைக் கூட்டிவிடுமே. அது உலோகம் பார்க்கிறவர்களுக்கு. அமோனியாவுக்கென்றால் தனிப் போத்தலில் சல்பூரிக் அமிலம், பிஎச் 2க்குக் கீழே. அதுவும் வடிகட்டிய பிறகு. இல்லாவிட்டால் பாசிக் கலங்கள் உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும்.

தம்பி, பிஎச்சைக் கரையிலேயே பாருங்கள். அங்கேயே 0.45 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள். பிறகு 4 பாகையில், இருட்டில். நைத்திரேற்றும் பொசுபேற்றும் 48 மணிநேரத்துக்குள் முடியவேண்டும். அப்புறம், பாத்திரம் கழுவும் தூளால் போத்தலைக் கழுவவேண்டாம், சிலதில் பொசுபேற்று இருக்கும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் போதும்.

கடைசி வருடம்: செவ்வாய்ப் போத்தலில் எதையாவது காப்பாற்றலாமா?

நீர்க்குமிழி: குளோரைட்டு. அதைப் பாசியும் தொடாது, பக்டீரியாவும் தொடாது. மற்றதை ஊற்றிவிடுங்கள்.

கடைசி வருடம்: இன்று திரும்பப் போனேன். 20 மில்லிலீற்றர் போனதும் வடி அடைத்துக்கொண்டது, சிரிஞ்சை அமத்தி அமத்திப் பெருவிரல் வீங்கிவிட்டது.

நீர்க்குமிழி: பச்சைத் தண்ணீர் அப்படித்தான். முதலில் கண்ணாடி நார் வடியில் ஒரு தரம் விடுங்கள், பிறகு 0.45.