மறுமொழி: 'பலிச்சொல்' வேண்டாம், 'உளவுச்சொல்' எப்படி?

வணக்கம். வேர்டில் போன்ற சொல் ஊக ஆட்டத்துக்கு நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு இது மறுமொழி. மறைந்திருக்கும் சொல்லைச் சில வாய்ப்புகளுக்குள் ஊகிப்பதே ஆட்டம். இட்ட சொல்லின் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, விடையில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், விடையில் இல்லாவிட்டால் சாம்பல்.

> விடையாக வராது என்று தெரிந்தே இடும் சொல்லைப் 'பலிச்சொல்' எனலாம். ஒரு வாய்ப்பைப் பலி கொடுக்கிறோம் அல்லவா?

ஒரு வாய்ப்பு போவது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அதனால்தான் இந்தப் பெயர் எனக்கு ஒப்பவில்லை.

உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் நான்கெழுத்து ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி மூன்றும் 'ட்டம்' என்று பச்சையாகிவிட்டன. கழிந்தவை போக கட்டம், வட்டம், சட்டம், பட்டம் நான்கும் நிற்கின்றன. கைவசம் மூன்றே வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தோற்கவும் கூடும். அங்கே 'கவசம்' என்று இடுங்கள். க பச்சையானால் கட்டம். வ மஞ்சளானால் வட்டம். ச மஞ்சளானால் சட்டம். மூன்றுமே சாம்பலானால் பட்டம். அடுத்த வாய்ப்பில் விடை உறுதி, ஒரு வாய்ப்பு மிச்சமும்கூட!

இது வேவு பார்க்கும் வேலை. முதலில் 'ஒற்றுச்சொல்' என்றுதான் நினைத்தேன். குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் ஒற்று என்றால் மெய்யெழுத்தும்தான். எழுத்தை வைத்தே ஆடும் ஆட்டத்தில் அந்தப் பெயர் குழப்பும். ஆகவே 'உளவுச்சொல்' என்கிறேன். பேச்சிலும் இயல்பாக வருகிறது: "மூன்றாவது வாய்ப்பில் உளவு பார்த்தேன்." 'பலி கொடுத்தேன்' என்றால் ஏதோ இழந்த உணர்வு, புதிதாக ஆடுபவர் அந்த உத்தியையே தவிர்த்துவிடுவார். உளவு மென்பொருள் என்ற வழக்கால் உளவுக்குக் கொஞ்சம் கெட்ட வாடை உண்டு என்பது தெரியும். ஆட்டத்துக்குள் அது உறுத்தாது என்று நம்புகிறேன்.

> அப்படியானால் முதலில் இடும் சொல்லும் உளவுதானே?

வேலை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் முதலில் இடும் சொல் விடையாகவே அமையலாம். அதைத் 'தொடக்கச்சொல்' என்றே விடலாம். உளவுச்சொல் என்பது, கிடைத்த துப்புகளோடு பொருந்தாது என்று தெரிந்தே இடுவது. வேர்டிலின் கடின முறையில், தெரிந்துவிட்ட எழுத்துகளை அடுத்த ஊகத்தில் பயன்படுத்தியே ஆக வேண்டும். அந்த விதி இருந்தால் மேலே சொன்ன கவசம் செல்லாது. 'கடின முறையில் உளவுச்சொல்லுக்கு இடமில்லை' என்று ஒரே வரியில் விதியை விளக்கிவிடலாம். இந்த வரையறையை நான் விரும்புவதற்கு அதுவே பெரிய காரணம்.

அப்புறம், 'பச்சை', 'மஞ்சள்' இரண்டையும் கலைச்சொல்லாகப் பட்டியலில் ஏற்ற வேண்டாம். வேர்டிலில் நிறங்களை எளிதில் பிரித்தறிய உதவும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அவை ஆரஞ்சும் நீலமுமாக மாறிவிடுகின்றன. 'இடம் பொருந்தியது', 'இடம் மாறியது' என்று பொருளை வைத்துப் பெயரிடலாம்.

கவசம்போல ஒரே வீச்சில் நான்கைப் பிரிக்கும் சொற்கள் கிடைத்தால் அனுப்புங்கள். 'ஓட்டம், ஆட்டம், கூட்டம், தோட்டம்' நான்குக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அகப்படவில்லை.