‘மறுபடி டெஸ்ட் எடுங்கள்’ என்ற பதிலைக் குழுவில் தடை செய்யலாமா?

கரையோரம்:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மருந்து முடிந்த ஒருவர் “வயிறு இன்னும் சரியில்லை” என்று இங்கே எழுதினால் போதும், உடனே நாலு பேர் வந்து “திரும்ப வந்துவிட்டது, மறுபடி டெஸ்ட் எடுங்கள்” என்று போட்டுவிடுகிறோம். சி-டிஃப் (ஆன்டிபயாடிக் எடுத்தபின் குடலில் பெருகி, நச்சைச் சுரந்து கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி) வந்தவருக்கு அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரி தூக்கம் போச்சு. இந்தப் பதிலைத் தடை செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பிசிஆர் என்ற டெஸ்ட், கிருமியின் நச்சுக்கான மரபணு மலத்தில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். கிருமி இப்போது நச்சைச் சுரக்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. வயிறு முழுக்கச் சரியான பிறகும் பலருக்கு வாரக்கணக்கில் பாசிட்டிவ் என்றே வரும். அதனால்தான், குணமாகிவிட்டதா என்று உறுதி செய்துகொள்வதற்காக டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டிகளே சொல்கின்றன. நாம் பயமுறுத்தி அனுப்புகிறோம், அவர் போய் எடுக்கிறார், பாசிட்டிவ் வருகிறது, டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்து இந்தக் கிருமிக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கான வான்கோமைசினை இன்னொரு சுற்று எழுதுகிறார். ஆன்டிபயாடிக் குடலில் இருந்த நல்ல பாக்டீரியாக்களைத் துரத்திய இடத்தில்தான் இந்தச் சனியன் குடியேறியது, அதே இடத்தை நாமே மறுபடி காலி செய்து கொடுக்கிறோம்.

பனிமலர்:

அண்ணா, கடுமையாகவே மறுக்கிறேன். முதல் சுற்று மருந்து முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் எனக்கு மறுபடி தொடங்கியது. பார்த்த டாக்டர் “ரொம்ப யோசிக்காதீங்க, மன அழுத்தம்தான், குடல் பழைய நிலைக்கு வர நேரம் எடுக்கும்” என்று அனுப்பிவிட்டார். வீட்டிலும் அதையே சொன்னார்கள். டெஸ்ட் எடு என்று சொன்னது இந்தக் குழு மட்டும்தான், அதுவும் நீங்கள் தடை செய்யச் சொல்கிற அதே வார்த்தைகளில். எடுத்தேன். நச்சுப் பரிசோதனையிலேயே பாசிட்டிவ், வெறும் மரபணு இல்லை. அன்றைக்கு இங்கே எல்லோரும் பொறுமையாக இரு என்று சொல்லியிருந்தால் நான் இருந்திருக்கும் நிலையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

முதல் முறை வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்பி வருகிறது. ஒரு தடவை திரும்பி வந்தவருக்கு மறுபடியும் வர நாற்பது சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. பெரும்பாலும் மருந்து முடிந்த எட்டு வாரத்துக்குள். இந்த எண்களை வைத்துக்கொண்டு யாரிடமும் ‘பயப்படாதே’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. பயம் சில நேரம் சரியான பயம்தான்.

கண்ணாடிச்சில்லு:

ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இரண்டு பேரும் டெஸ்ட் என்று ஒரே சொல்லாகச் சொல்கிறீர்கள், சண்டைக்குப் பாதிக் காரணம் அதுதான். பல இடங்களில் முதலில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஜிடிஎச் என்ற பொதுப் பரிசோதனையும், நச்சே இருக்கிறதா என்று பார்க்கும் நச்சுப் பரிசோதனையும் செய்வார்கள், இரண்டும் ஒத்துவராவிட்டால்தான் பிசிஆருக்குப் போவார்கள். சில இடங்களில் நேராக பிசிஆர், அவ்வளவுதான். பனிமலருக்கு வந்த பாசிட்டிவும் கரையோரம் பயப்படுகிற பாசிட்டிவும் வேறு வேறு.

இன்னொன்று. கெட்டியான மலம் வந்தால் நாங்கள் இந்தப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்வதில்லை, திருப்பி அனுப்பிவிடுவோம். அதற்காக மலமிளக்கி குடித்துவிட்டு மாதிரி கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். யார் சொல்லி அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், ‘குழுவில் சொன்னாங்க’.

பனிமலர்:

அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நச்சுப் பரிசோதனை சில நேரம் உண்மையான நோயையே தவறவிடும். நெகட்டிவ் என்று வந்ததை நம்பி வீட்டில் கிடந்தவர்களும் இந்தக் குழுவில் உண்டு.

கண்ணாடிச்சில்லு:

உண்மை, தவறவிடும். அதனால்தான் ரிப்போர்ட்டை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நாம் இங்கே ஆளைப் பார்க்காமல், ரிப்போர்ட்டும் இல்லாமல் முடிவு சொல்கிறோம்.

நெடுவழி:

எனக்கு சி-டிஃப் இல்லை, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி. ஆனாலும் இதே கதைதான் என்பதால் எழுதுகிறேன். கிருமி போன பிறகும் வயிற்று வலி, வாயு, நாலு படி ஏறினால் படுத்துக்கொள்ளத் தோன்றும் சோர்வு. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் ‘மருந்து வேலை செய்யவில்லை, வேறு மருந்து கேளுங்கள்’ என்று பதில் வரும். நானும் கேட்டு வாங்கி விழுங்கிக்கொண்டே இருந்தேன். மாதிரி ஒவ்வொன்றும் நெகட்டிவ்.

அப்புறம்தான் நார்வேயில் பெர்கன் நகரத்தில் நடந்ததைப் பற்றிப் படித்தேன். 2004-ல் அங்கே குடிநீரில் ஜியார்டியா கலந்து பெரிய அளவில் நோய் பரவியது. மூன்று வருடம் கழித்து அந்த நோயாளிகளிடம் கேட்டபோது 46 சதவீதம் பேருக்கு எரிச்சல் கொண்ட குடல் நோய்க்குறி (வயிற்று வலியும் மலம் போவதில் மாற்றமும் நீடிக்கும் தொந்தரவு) இருந்தது, தொற்று வராத மற்றவர்களில் அது 14 சதவீதம்தான். நீடித்த சோர்வும் அதே மாதிரி, அவர்களில் 46 சதவீதம், மற்றவர்களில் 12 சதவீதம். பத்து வருடம் கழித்துக் கேட்டபோதும் வயிற்றுத் தொந்தரவில் அந்த இடைவெளி பெரிதாகக் குறையவில்லை. கிருமி போயிருக்கும், குடல் மட்டும் அதை மறக்காது. இதை இந்தக் குழுவில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. ‘உனக்கு மருந்து போதவில்லை’ என்று சொல்ல மட்டும் அத்தனை பேர்.

தடை வேண்டுமா என்றால் தெரியவில்லை. ஆனால் இந்தக் குழு மெதுவாக ஒரு மருந்துச்சீட்டு அலுவலகமாக மாறிவிட்டது என்பது என் வருத்தம். வேலைக்குத் திரும்பும்போது மேலதிகாரியிடம் எதைச் சொல்வது, எதை விடுவது, கழிப்பறை எங்கே என்று தெரியாத இடத்துக்குப் போவதை எப்படிச் சமாளிப்பது, இதையெல்லாம் எழுதினால் ஒரு பதில்கூட வராது.

தீக்குச்சி:

எல்லோரும் டெஸ்ட், மாத்திரை என்றே சுற்றுகிறீர்கள். மலமாற்றுச் சிகிச்சை ஒன்றுதான் பதில், எத்தனை தடவை சொல்வது? 2013-ல் நெதர்லாந்து ஆய்வில் ஆரோக்கியமான ஒருவரின் மலக்கரைசலைக் குடலுக்குள் செலுத்திய, சி-டிஃப் திரும்பத் திரும்ப வந்த 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே குணம். வான்கோமைசின் மட்டும் கொடுத்த 13 பேரில் 4 பேருக்குத்தான். இவ்வளவு வித்தியாசம் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். வீட்டில் நம்பகமான சொந்தக்காரர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். முறையை எழுதினேன், நீக்கிவிட்டீர்கள். இப்போது டெஸ்ட் என்ற சொல்லுக்கும் தடை. நாளைக்கு வயிறு என்ற சொல்லுக்கா?

கரையோரம்:

நீக்கியது நான்தான் தம்பி, மறுபடி எழுதினால் மறுபடியும் நீக்குவேன். ஆய்வைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2019-ல் நடந்ததையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே கொடையாளரின் மலத்தைப் பெற்ற இரண்டு பேருக்கு, இருவருமே எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், மருந்துக்கு அடங்காத ஈ.கோலை தொற்று வந்து ஒருவர் இறந்தார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரிக்கை வெளியிட்டது. அது மருத்துவர்கள் நடத்திய ஆய்வில் நடந்தது, கொடையாளரைப் பரிசோதித்த இடத்தில். அந்தக் கிருமிக்கு மட்டும் பரிசோதிக்கவில்லை. வீட்டில் சொந்தக்காரரை நம்புகிறீர்கள், சரி. அவர் குடலில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாதே.

தீக்குச்சி:

பரிசோதிக்கப்பட்ட தயாரிப்புகளுக்கு 2022-லும் 2023-லும் அங்கே அனுமதி கொடுத்துவிட்டார்கள், தெரியும். அது எட்டாத இடத்தில் இருப்பவன், வாங்க வழியில்லாதவன், அவன் என்ன செய்வான்? ‘டாக்டரிடம் கேளுங்கள்’ என்பது நல்ல பதில்தான், கேட்டால் பதில் சொல்கிற டாக்டர் இருப்பவர்களுக்கு. எல்லாக் கதவும் மூடியபின் இங்கே வருகிறவர்களிடம் நீங்களும் மூடுகிறீர்கள்.

பனிமலர்:

வீட்டில் செய்வதை நானும் ஏற்கவில்லை. ஆனால் கடைசியாகச் சொன்னது சரிதான் என்று பதிவு செய்கிறேன்.

ஒற்றைத்தூண்:

வணக்கம். நான் நோயாளி இல்லை, என் மனைவிக்கு இருந்தது. அவள் இங்கே எழுதுவதில்லை, படிப்பாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் போன் வெளிச்சம் தெரியும். காலையில் எழுந்ததும் கழிப்பறைக் கைப்பிடி, குழாய், விளக்கு சுவிட்ச், எல்லாவற்றையும் பிளீச் தண்ணீரில் துடைப்பாள். நோய் இருந்தபோது அது தேவைதான், இந்தக் கிருமியின் விதைமாதிரியான ஸ்போர் சாதாரணச் சானிடைசருக்குச் சாகாது, கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்தக் குழுதான், அதற்கு நன்றி. ஆனால் அவளுக்குச் சரியாகி வெகு நாளாகிவிட்டது. இன்னும் துடைக்கிறாள். விரல் நுனியில் தோல் உரிந்து, துண்டெல்லாம் வெளிறிப்போய், என்னையும் தொடவிடாமல். இங்கே யாராவது ‘எனக்குத் திரும்ப வந்துவிட்டது’ என்று எழுதிய நாளில் இரண்டு தடவை துடைப்பாள்.

தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. குணமாகி நிம்மதியாக இருப்பவர்கள் இங்கே எழுதுவதே இல்லை, வயிறு சரியானதும் போய்விடுகிறார்கள். அதனால் இங்கே படிக்கிறவருக்கு உலகத்தில் யாருக்குமே சரியாகவில்லை என்றுதான் தோன்றும்.

நெடுவழி:

இதைச் சொன்னதற்கு நன்றி அண்ணா. இந்தப் பேச்சு முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். போனவர்கள் எப்போதாவது வந்து ‘நான் நலம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனால்கூடப் போதும்.

பனிமலர்:

என் பதிவு யாரையாவது அப்படித் துடைக்க வைத்திருக்கும் என்பது தெரிகிறது. அதற்காக எழுதாமலும் இருக்க முடியாது. எனக்கு நடந்தது நடந்ததுதானே.

மழைக்காகிதம்:

புதிது இங்கே, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மேலே எல்லாம் படித்தேன், படித்த பிறகு இன்னும் குழப்பம். மருந்து முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை. நேற்று வரை நாலு, இன்று காலையிலிருந்து ஏழுதான், தொடர்ந்து போகிறது. உடம்பு லேசாகச் சுடுகிறது. இது குடல் மறக்காத கதையா, திரும்ப வந்த கதையா? வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வீட்டில் இருக்கிறது, போடட்டுமா?

(இங்கே புதிதாகப் படிப்பவர்களுக்கு: நாலு, ஏழு என்பது பிரிஸ்டல் மல அட்டவணை. ஒன்று கல்மாதிரி, நாலு சரியானது, ஏழு வெறும் தண்ணீர். – கண்ணாடிச்சில்லு)

பனிமலர்:

அந்த மாத்திரையைப் போடாதீர்கள் அம்மா, டாக்டர் சொன்னால் ஒழிய. நச்சு உள்ளேயே தங்கிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. இப்போதே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். ‘சி-டிஃப் வந்து மருந்து முடிந்து இத்தனை வாரம், இன்று காலையிலிருந்து இத்தனை தடவை தண்ணீராகப் போகிறது, காய்ச்சல் இருக்கிறது’ என்று இதே வரிசையில் சொல்லுங்கள், மன அழுத்தம் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்துக்கொண்டே இருங்கள். வயிறு உப்பிக் கடுமையாக வலித்தாலோ, ரத்தம் போனாலோ, எழுந்தால் தலைசுற்றினாலோ போன் எல்லாம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

கரையோரம்:

பனிமலர் சொன்னதை அப்படியே செய்யுங்கள். திடீரென்று தண்ணீராக, ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ, மருந்து முடிந்து எட்டு வாரத்துக்குள், கூடவே காய்ச்சல்: டெஸ்ட் என்பது இந்த மாதிரி ஆளுக்குத்தான். வேறு ஏதாவது ஆன்டிபயாடிக் சமீபத்தில் எடுத்தீர்களா, பல்லுக்கு, சளிக்கு, எதற்காகவாவது? இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பனிமலர்:

பார்த்தீர்களா அண்ணா, உங்கள் தடை இருந்திருந்தால் இந்தப் பதிலை யாராலும் போட்டிருக்க முடியாது.

கரையோரம்:

நீங்கள் ‘டெஸ்ட் எடு’ என்று ஒற்றை வரியாகப் போடவில்லையே. நான் எதிர்ப்பது அந்த ஒற்றை வரியை. சரி, இப்படி மாற்றுகிறேன்: யாராவது வயிறு சரியில்லை என்று எழுதினால் முதலில் எத்தனை தடவை, அட்டவணையில் எந்த எண், மருந்து முடிந்து எத்தனை வாரம் என்று கேட்க வேண்டும். பதில் வராமல் யாரும் ‘திரும்ப வந்துவிட்டது’ என்று எழுதக்கூடாது. மருந்தின் பெயர், அளவு, மீதி மாத்திரை கொடுக்கிறேன் என்ற பேச்சு, வீட்டு மலமாற்றம், இவையெல்லாம் முழுத் தடை.

பனிமலர்:

மீதி மாத்திரைக்குத் தடை போடுங்கள், நானே கைதூக்குகிறேன். ஆனால் ‘டாக்டர் கேட்கவில்லை என்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்’ என்பதையும் அந்தக் குறிப்பில் எழுத வேண்டும். அது இல்லாமல் வெறும் கேள்விகளாக வைத்தால் நோயாளியைக் குறுக்கு விசாரணை செய்கிற மாதிரிதான் இருக்கும். என் ஓட்டு கிடைக்காது.

தீக்குச்சி:

என் ஓட்டு எதற்கும் இல்லை.

கரையோரம்:

எதிர்பார்த்ததுதான். பனிமலர், சேர்க்கிறேன், வாசகத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள்.

நெடுவழி:

குணமானவர்களுக்குத் தனி இழை ஒன்று வேண்டும் என்பதும் அந்தக் குறிப்பில் வரட்டும். கிருமி போன பிறகு வருகிற தொந்தரவுக்கு இன்னொன்று. முதலாவதை ஒற்றைத்தூண் அண்ணாவின் வீட்டில் படிப்பார்கள்.

மழைக்காகிதம்:

போன் செய்துவிட்டேன். மாதிரி கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள், சாயங்காலம் டாக்டர் பார்ப்பாராம். போன மாதம் பல்லுக்கு ஆன்டிபயாடிக் எடுத்ததைச் சொன்னதும் உடனே குறித்துக்கொண்டார்கள். டப்பா இருக்கிறது, ஆய்வகம் தூரம், மதியம்தான் போக முடியும்.

கண்ணாடிச்சில்லு:

மதியம் வரை வெளியே வைக்காதீர்கள். அறை வெப்பத்தில் அந்த நச்சு சீக்கிரம் சிதைந்துவிடும், அப்புறம் நோய் இருந்தாலும் நெகட்டிவ் என்று வரலாம். மூடியை இறுக்கி, இரண்டு உறையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சீட்டில் நச்சுப் பரிசோதனை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பிசிஆர் மட்டும் இருந்தால் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.