மறுமொழி: ஸ்மூத்திக்குத் தமிழ்ச் சொல்

குழுவினர்க்கு வணக்கம்.

சமைக்காத உணவு பற்றிய சொற்பட்டியலில் ‘ஸ்மூத்தி’ (பழத்தை நீர்ப்பொருளோடு மிக்ஸியில் அடித்துச் செய்யும் கெட்டியான பானம்) மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். எந்தச் சொல்லை எடுத்தாலும் அது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. சாற்றுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அதைக் காட்டாத பெயரை வைத்துப் பயனில்லை.

> பழச்சாறு என்றே சொல்லிவிடலாமே. எல்லாருக்கும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. சாறு என்றால் பிழிந்து சக்கையை நீக்கியது. ஸ்மூத்தியில் சக்கை என்று தனியே எதையும் தள்ளுவதில்லை. கொட்டையும் தடித்த தோலும் போக, பழம் முழுதும் கோப்பைக்கு வந்துவிடுகிறது. அது கெட்டியாக இருப்பதற்குக் காரணமே உள்ளே இருக்கும் நாரும், பெக்டின் என்ற கெட்டியாக்கும் பொருளும்தான். சமைக்காத உணவையே உண்பவர்களில் பலருக்கு இது ஒரு வேளைச் சாப்பாடு. அவர்களிடம் போய் ‘சாறு’ என்றால், வடிகட்டியை எடுத்து, எது வேண்டுமோ அதையே எறிந்துவிடுவார்கள். குறிப்பைப் படித்துச் செய்பவர் கை தவறுகிற அளவுக்குச் சொல் தளர்வாக இருக்கக் கூடாது.

> பழக்கூழ்?

நல்ல சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஆலைகளில் பழச்சதையை அரைத்துப் பதப்படுத்தி அடைத்து விற்பதைப் பழக்கூழ் என்கிறோம். அது பானத்துக்கு முந்தைய மூலப்பொருள். இன்னொன்று, கூழ் என்றதும் ‘காய்ச்சு’ என்ற வினை கூடவே வந்துவிடுகிறது. சமைக்காத உணவு முறையில் சூடு ஏறக்கூடாது என்பதுதான் முதல் விதி. எல்லை எது என்பதில் அதைப் பின்பற்றுபவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. பெரும்பாலும் 40 முதல் 48 டிகிரி செல்சியஸுக்குள் ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் அடுப்பு நினைவைக் கொண்டுவரும் சொல்லை வைப்பது சரியாகப் படவில்லை. ‘மசியல்’ என்பதையும் இதே காரணத்துக்காக விட்டுவிடலாம். வேகவைத்து மசிப்பதுதான் மசியல்.

‘மென்பானம்’ குளிர்பானக் கடைகளுக்குப் போய்விட்டது, அதைத் திரும்ப வாங்க முடியாது.

‘பழவடிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பேச்சில் ‘மிக்ஸியில் போட்டு அடி’ என்றுதான் சொல்கிறோம், ஆகவே பழ அடிப்பு என்பது அவர் வாதம். பேச்சிலிருந்து சொல் எடுக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன். சிக்கல் புணர்ச்சியில் வருகிறது. பழ என்பதோடு அடிப்பு சேர்ந்தால் உடம்படுமெய்யாக வகரம் நுழைகிறது. உடனே படிப்பவர் கண்ணுக்கு அது ‘வடிப்பு’ ஆகிவிடுகிறது. வடிக்கக் கூடாத ஒன்றுக்கு வடிப்பு என்று பெயர் வந்துவிடும்.

சரி, என் பரிந்துரை: பழக்குழையல்.

ஆங்கிலப் பெயர் நாக்கில் படும் வழுவழுப்பைச் சொல்கிறது. நாமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்தப் பானம் கருவியோடு பிறந்தது. ஜாடியின் அடியில் அலகு சுழலும் கருவியை ஸ்டீவன் போப்லாவ்ஸ்கி உருவாக்கியது 1922-இல். அப்படிப்பட்ட கருவிகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுப்பழத்தைக் குடிக்கிற பதத்துக்குக் கொண்டுவருவது எளிதாயிற்று. ஆகவே ஜாடிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து பெயர் எடுப்பது பொருத்தம்.

அதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். உறையவைத்த வாழைப்பழத் துண்டுகளைப் போட்டு இயக்கினால் முதலில் கடகடவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்துவிடும், ஆனால் வேலை நடக்காது. அலகைச் சுற்றி ஒரு காற்றுக்குழி விழுந்திருக்கும். அலகு அதற்குள் சும்மா சுழலும், துண்டுகள் மேலே அப்படியே நிற்கும். நிறுத்தி, கரண்டியால் கீழே தள்ளி, இரண்டு கரண்டி நீர் விட்டு மறுபடி இயக்க வேண்டும். (நீர்ப்பொருளை முதலில் ஊற்றி, உறைந்ததை மேலே போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.) அப்புறம் நடுவில் ஒரு சுழி விழும். மேலே இருப்பது அந்தச் சுழிக்குள் மடிந்து மடிந்து இறங்கும், ஓசையும் ஒரே சீராகிவிடும். அந்த இடத்தில் பழம் அரைபடுகிறது என்பதைவிடக் குழைகிறது என்பதே சரி. துண்டும் நீரும் தனித்தனியாக இருந்தவை ஒரே பதமாகிவிட்டன.

‘குழை’ என்ற வினை நமக்கு இரண்டு வழியிலும் உதவுகிறது. பழம் குழைகிறது, நாம் பழத்தைக் குழைக்கிறோம். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடு என்கிறோம், வண்ணத்தைக் குழைக்கிறோம். ஒன்றையும் வெளியே தள்ளாமல் சேர்த்து ஒன்றாக்குவது அதன் பொருளிலேயே இருக்கிறது, சூடும் தேவையில்லை. செய்முறை எழுதுபவருக்கு வினையும் இதிலேயே கிடைக்கிறது. ‘வழுவழுப்பாகும் வரை குழைக்கவும்’ என்று தயக்கமில்லாமல் எழுதலாம். பெயர்ச்சொல் மட்டும் ஆக்கிவிட்டு வினைக்குத் திண்டாடும் கலைச்சொற்கள் நம் பட்டியலில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

குழைந்த சோற்றை நினைவூட்டாதா என்று கேட்பீர்கள். தனியே ‘குழையல்’ என்றால் நினைவூட்டும். அதனால்தான் முன்னொட்டை விடக்கூடாது என்கிறேன். பழக்குழையல், கீரைக்குழையல் என்று எப்போதும் பொருளோடு சேர்த்தே எழுதுவோம்.

கீரைக்குழையல் என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு. கீரையும் பழமும் சேர்த்து அடிப்பதை ‘பச்சை ஸ்மூத்தி’ என்று எழுதுகிறார்கள். மற்ற இடங்களில் குற்றமில்லை, இந்தப் பட்டியலில் ஆகாது. தமிழில் பச்சை என்பது நிறமும்தான், வேகாததும்தான். காய்ச்சாத நீரைப் பச்சைத் தண்ணீர் என்கிறோம். சமைக்காத உணவில் எல்லாமே பச்சை. நிறத்தைச் சொல்வதா, நிலையைச் சொல்வதா என்று படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டிவரும்.

‘குளிர்’ என்பதைப் பெயரில் சேர்க்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். குளிர்ச்சி செய்முறையைச் சேர்ந்தது. பனிக்கட்டி போட்டால் உருகி நீர்த்துப்போகும். பழத்தையே உறையவைத்தால் குளிர்ச்சியும் கெட்டித்தன்மையும் சேர்ந்து கிடைக்கும். அதிவேகக் கருவியைச் சில நிமிடம் விடாமல் ஓட்டினால் அலகின் உராய்விலேயே கலவை சூடாகிவிடும். சமைக்காத உணவுக்காரர்கள் உறைந்த பழத்தை விரும்ப இதுவும் ஒரு காரணம். இதற்கு ‘உறைபழம்’ என்று ஒரு பதிவு போட்டுவிட்டால் போதும்.

> விளக்கம்: சத்து சிறிதும் குறையாமல் அரைக்கப்பட்ட பழப்பானம்.

இந்த விளக்கத்தை மட்டும் தயவுசெய்து மாற்றுவோம். குழைக்கும்போது பழத்தின் உயிரணுக்கள் உடைகின்றன, உள்ளே காற்றும் புகுகிறது. வாழைப்பழத்தில் இருக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி அப்போது வேலையைத் தொடங்குகிறது. வெட்டிய பழம் பழுப்பாவதும் இதனால்தான். வாழைப்பழம் கலந்த ஸ்மூத்தியைக் குடித்தவர்கள் உடலில் ஃபிளவனால் என்ற தாவரச் சத்து சேர்வது வெகுவாகக் குறைந்ததை 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நொதியைக் காப்பதற்காகவே சூட்டைத் தவிர்க்கிறோம் என்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி. காக்கப்பட்ட நொதியே இன்னொரு சத்தைக் குறைக்கிறது. எலுமிச்சைச்சாறு சில துளி விட்டால் பழுப்பாவது மட்டுப்படும். ஆனாலும் ‘சிறிதும் குறையாமல்’ என்று ஒரு சொற்பட்டியல் உறுதிமொழி கொடுக்கக் கூடாது.

நான் முன்வைக்கும் பதிவு இது:

பழக்குழையல் (பெயர்): பழத்தை நாரும் சதையுமாக, வடிகட்டாமல், நீர்ப்பொருளோடு குழைத்த கெட்டியான பானம். வினை: குழை-த்தல். கருவி: குழைப்பான்.

கருவிப் பெயரைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. பேச்சில் மிக்ஸி என்பதே நிற்கட்டும். ஆனால் பிழியும் கருவியையும் குழைக்கும் கருவியையும் ஒரே பெயரில் பதிய வேண்டாம்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. ஊறவைத்த பாதாமை அரைத்தெடுக்கும் கொட்டைப்பாலைச் சேர்த்தாலும் அது பழக்குழையல்தானா, அல்லது பால் சேர்ந்ததற்குத் தனிப்பெயர் வேண்டுமா? ஒரே பெயர் போதும் என்பது என் எண்ணம், ஏனென்றால் கெட்டிப்பு பழத்திலிருந்துதான் வருகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டுப் பதிவை முடிப்போம்.

அன்புடன்.