காமா கதிர் ரெலஸ்கோப் கமராவுக்கு எல்இடி போதாதா, மியூவோன் எதுக்கு?

வந்தாறுமூலை_பொடியன்:
கம்பஸ்ல பைனல் இயர், பௌதிகவியல். ப்ரொஜெக்ட்டுக்கு செரன்கோவ் ரெலஸ்கோப் (வேகமான துகள் காத்துக்குள்ள போகேக்க வாற மெல்லிய நீல வெளிச்சத்தைப் பிடிக்கிறது) எடுத்திருக்கன். நமீபியாவில இரிக்கிற ஹெஸ் ரெலஸ்கோப் தொகுதியின்ட சின்ன ரெலஸ்கோப் ஒண்டின்ட கமராவில 960 பிஎம்டி (மெல்லிய வெளிச்சத்தையும் மின்சாரமா மாத்துற குழாய், ஒவ்வொண்டும் ஒரு பிக்சல்) இரிக்கு, எல்இடி அடிச்சு எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வாறாங்க, அது விளங்குது. பிறகு ஏன் மியூவோன் (விண்கதிரில இருந்து உண்டாகி கீழ வாற துகள்) கமராவில போடுற வெளிச்ச வளையத்தையும் பாக்கிறாங்க? ரெண்டும் ஒரே வேலைதானே? தெரிஞ்ச அண்ணாமார் சொல்லுங்க

கல்லடி_வாவி:
இல்ல தம்பி, ஒரே வேலை இல்ல. எல்இடி கண்ணாடிப் பக்கத்தில இருந்து நேரா கமராவப் பாத்து அடிக்குது, அந்த வெளிச்சம் கண்ணாடியில படுறதே இல்ல. அதால பிக்சலுக்கு பிக்சல் உள்ள வித்தியாசம் மட்டும்தான் தெரியும். கண்ணாடியில தூசி படிஞ்சு தெறிப்பு குறைஞ்சா 960ம் சேந்து குறைவாக் காட்டும், எல்இடிக்கு அது தெரியவே தெரியா. மியூவோன்ட வெளிச்சம் கண்ணாடியில பட்டுத்தான் கமராவுக்கு வரும். வளையத்தின்ட ஆரத்தை அளந்தா செரன்கோவ் கோணம் (துகள் போற பாதைக்கும் அது விடுற வெளிச்சத்துக்கும் இடையில உள்ள கோணம்) வரும், அதோட மியூவோன் விழுந்த இடத்தையும் சேத்துப் பாத்தா எவ்வளவு வெளிச்சம் வரவேணும் எண்டு கணக்கிலயே சொல்லலாம். வந்ததை அதோட ஒப்பிட்டா கண்ணாடி, கமரா எல்லாம் சேந்த திறன் கையில. இத விட்டா 10 வீதம் வெளிச்சம் குறைஞ்ச நேரம் காமா கதிரின்ட சக்தியையும் கிட்டத்தட்ட 10 வீதம் குறைச்சுத்தான் சொல்லுவீங்க, பிறகு ஸ்பெக்ட்ரமே பிழை.

அக்கரைப்பற்று_வானம்:
சரியான விளக்கம். எல்இடியில இன்னொண்டும் எடுக்கலாம். பெடஸ்டல (எல்இடி அடிக்காத நேரமும் வாற அடிமட்ட அளவ) கழிச்சிட்டு, ஒரு பிக்சலின்ட சராசரிய வர்க்கிச்சு மாறற்றிறனால (அளவு எவ்வளவு சிதறுது எண்டதால) பிரிச்சா போட்டோ இலத்திரன் (வெளிச்சம் பட்டு பிஎம்டிக்குள்ள வெளிவாற இலத்திரன்) எத்தின எண்டு வரும் (பிஎம்டியின்ட மேலதிக இரைச்சலுக்கு 1.2 அளவில பெருக்க வேணும்). மாறற்றிறன்லயும் பெடஸ்டல்ட பங்கக் கழிக்க மறக்காதீங்க, இரவு வானத்து வெளிச்சம் அதுக்குள்ளதான் இரிக்கு. நட்சத்திரம் விழுற பிக்சல்ல அது நல்லாக் கூடும்

வந்தாறுமூலை_பொடியன்:
நன்றி அண்ண, ரெண்டு பேருக்கும். அப்ப மியூவோன மட்டும் வச்சே எல்லாம் செய்யேலாதா?

கல்லடி_வாவி:
ஏலாது. வளையம் படுற பிக்சல்ல மட்டும்தான் வெளிச்சம் விழும், எல்இடி எண்டா ஒரே அடியில முழுக் கமராவும். அடுத்தது மியூவோன் வெளிச்சம் கடைசி சில நூறு மீற்றருக்குள்ள இருந்து வருது, யூவி காத்தில உறிஞ்சுப்படாம வந்து சேரும். காமா மழையின்ட (காமா கதிர் காத்தில மோதி உண்டாக்கிற துகள் கூட்டத்தின்ட) வெளிச்சம் 10 கிலோமீற்றர் உயரத்தில இருந்து வாறதால அதில யூவி குறைவு. அந்தத் திருத்தத்தையும் போடுங்க. இடையில இரிக்கிற வளிமண்டலத்தை மியூவோன் காட்டாது, அதுக்குத்தான் லைடார் (லேசர் அடிச்சு காத்தில இருந்து திரும்பி வாற வெளிச்சத்தை அளக்கிற கருவி) வைக்கிற.