ஸ்க்ரீம் ஆஃப் தி ஷால்கா: கேட்க வேண்டிய நாடகமா, பார்க்க வேண்டிய நாடகமா?

இரவுவானொலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காலத்தில் பயணிக்கும் டாக்டர் என்பவரைப் பற்றிய பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரான டாக்டர் ஹூவின் நாற்பதாம் ஆண்டையொட்டி, 2003ஆம் ஆண்டு நவம்பர் 13 முதல் டிசம்பர் 18 வரை வாரம் ஒரு பகுதியாக பிபிசி தன் இணையதளத்தில் வெளியிட்ட ‘ஸ்க்ரீம் ஆஃப் தி ஷால்கா’ என்னும் ஆறு பகுதி அனிமேஷன் நாடகத்தைக் கடந்த வாரம் இரண்டு முறை முடித்தேன். முதல் முறை மடிக்கணினியின் திரையை முகத்துக்கு அப்பால் திருப்பி வைத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் குரல்களை மட்டும் கேட்டேன். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவன் என்பதால், படம் இல்லாமல் கதையைத் தொடர்வது எனக்குப் பழகிய வழிதான். மறுநாள் அதையே படத்துடன் பார்த்தேன். கேட்டபோது நெஞ்சில் நின்ற பல இடங்கள் பார்த்தபோது இறுகிப்போய்த் தெரிந்தன. பாத்திரங்கள் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறார்கள், உதடுகளும் புருவங்களும் மட்டுமே நகர்கின்றன.

அதைவிட என்னை அதிகம் உறுத்துவது டாக்டரின் இயல்பு. நான் அறிந்த டாக்டர் எந்தக் கோளில் இறங்கினாலும் ஒரு சிறுவனின் ஆவலோடு கதவைத் திறப்பவர். ரிச்சர்ட் இ. கிராண்ட் குரல் கொடுத்திருக்கும் இந்த மனிதரோ வேண்டாவெறுப்பாக இறங்குகிறார்; யாரிடமும் ஒட்டாமல், எரிச்சலும் சலிப்புமாகப் பேசுகிறார். காலத்தில் பயணிப்பவருக்கு இத்தனை அயர்ச்சி ஏன்? இது எழுத்தின் குறையா, அல்லது நான் தவறவிட்ட ஏதேனும் இருக்கிறதா? இதை ஒலி நாடகமாகக் கொள்வது சரியா, அனிமேஷனாகக் கொள்வது சரியா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நீலப்பெட்டி எழுதியது:

நல்ல கேள்வி. கேட்பதா, பார்ப்பதா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் படத்தின் இறுக்கத்துக்குக் காரணம் அது பிறந்த காலத்தில் இருக்கிறது.

தொலைக்காட்சித் தொடர் 1989இல் நின்றுபோனது. 1996இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படத்துக்குப் பிறகு திரையில் டாக்டர் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பிபிசியின் இணையப் பிரிவு தன் முயற்சிகளைத் தொடங்கியது. ‘டெத் கம்ஸ் டு டைம்’, ‘ரியல் டைம்’, ‘ஷாடா’ ஆகியவை 2001 முதல் 2003 வரை வெளிவந்தன. அவை உண்மையில் ஒலி நாடகங்களே. குரல்களுக்குப் பின்னணியாக வரைபடங்கள் மெல்ல நகரும், அவ்வளவுதான். ‘ஷால்கா’ அடுத்த படி. மான்செஸ்டரைச் சேர்ந்த காஸ்குரோவ் ஹால் நிறுவனம் இதை ஃபிளாஷ் என்னும் இணைய அனிமேஷன் மென்பொருளில் முழு அனிமேஷனாகச் செய்தது.

ஃபிளாஷ் என்பதுதான் இங்கே முக்கியம். அன்று இங்கிலாந்திலும் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி இணைப்பு வழியாகத்தான் இணையம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நொடிக்கும் புதுப் படம் அனுப்பினால் அந்தக் குழாயில் ஒன்றுமே நகராது. எனவே ஒரு முகத்தை ஒருமுறை கோடுகளும் வண்ணப் பரப்புகளுமாக அனுப்பிவிட்டு, பிறகு அதன் வாயை மட்டும் மாற்று, கையை மட்டும் நகர்த்து என்று கட்டளைகளை அனுப்புவார்கள். கண், புருவம், உதடு, தோள் எல்லாம் தனித்தனித் துண்டுகள். அதே துண்டுகள் காட்சிக்குக் காட்சி திரும்ப வரும். நீங்கள் பார்த்த இறுக்கம் இந்தச் சிக்கனத்தின் விளைவு. ஆனால் அந்தச் சிக்கனத்துக்குள்ளேயே அவர்கள் நிழலை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை மறுமுறை கவனியுங்கள். முகத்தின் பாதி இருளில் கிடக்கும்போது அசைக்க வேண்டிய துண்டுகள் குறைகின்றன. அதே இருள் அந்த மனிதரின் மனநிலையையும் காட்டிவிடுகிறது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வருத்தம் எழுகிறது. டாக்டர் அவ்வப்போது புது உருவம் எடுப்பார், ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு புது நடிகர்; அந்த வரிசையில் கிராண்டை ஒன்பதாவது டாக்டர் என்று அறிவித்துத்தான் பிபிசி இந்த நாடகத்தைத் தொடங்கியது. ஆனால் இது வெளியாகும் முன்பே, 2003 செப்டம்பரில், எழுத்தாளர் ரஸல் டி டேவீஸ் பொறுப்பில் தொடர் மீண்டும் தொலைக்காட்சிக்கு வரும் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. 2005இல் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் ஒன்பதாவது டாக்டரானார். முதல் பகுதி வெளியான நாளிலேயே இந்த டாக்டருக்கு எதிர்காலம் இல்லை. எழுதியவர் பால் கார்னெல், நடித்தவர்கள், வரைந்தவர்கள் எவருடைய உழைப்பிலும் குறையில்லை. காலம்தான் அவர்கள் பக்கம் இல்லை.

ஊமைத்தெரு எழுதியது:

டாக்டரின் அயர்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எழுத்தின் குறை அல்ல என்பதுடன், இந்த நாடகத்தின் உயிரே அதுதான் என்பதும் என் உறுதியான கருத்து.

முதல் பகுதியை நினைத்துப் பாருங்கள். டாக்டரின் காலப்பயண ஊர்தியான டார்டிஸ் இங்கிலாந்தின் லங்காஷயரில் லானெட் என்ற ஊரில் வந்து நிற்கிறது. அவர் விரும்பி வந்த இடமல்ல அது. பெயர் சொல்லப்படாத யாரோ தம்மை அங்கே தள்ளியிருப்பதாக அவர் சினம் கொள்கிறார். ஊரோ அச்சத்தில் உறைந்து கிடக்கிறது. தெருவில் ஆளரவம் இல்லை. மதுக்கடையில் இருக்கும் ஒரு சிலரும் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். அங்கே பரிமாறும் அலிசன் என்ற இளம்பெண் ஒருத்திதான், என்ன நடக்கிறது என்று அவரிடம் பேச முன்வருகிறாள். சோஃபி ஒகொனேடோ அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்திருக்கும் குரலில் அச்சமும் இருக்கிறது, அச்சத்துக்கு அடங்கிப்போவதன் மீதான சலிப்பும் இருக்கிறது. இரண்டு வகையான சலிப்பு ஒன்றையொன்று சந்திக்கும் இடம் அது. தன் வாழ்க்கை இந்தச் சிற்றூரிலேயே முடிந்துவிடுமோ என்பது அவளுடைய சலிப்பு. இனி யாரோடும் ஒட்ட வேண்டாம் என்பது அவருடையது.

அவருடைய அயர்ச்சி வயதினால் வந்ததல்ல. அன்பு வைத்த ஒருவரை இழந்த துயரம் அவருக்குள் இருக்கிறது. அதை நாடகம் விரித்துச் சொல்வதில்லை. ஒரு சொல் தொடங்கி நின்றுபோவதிலும், பேச்சை வேறுபக்கம் திருப்புவதிலும் அதை உணர்த்துகிறது. துக்க வீட்டில் இருப்பவரிடம் நாம் கேட்கக்கூடிய அதே கடுகடுப்பு இது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூடச் சிலர் சீறுவார்கள் அல்லவா? அவர்கள் கெட்டவர்கள் அல்லர். இன்னொருவர் காட்டும் பரிவைத் தாங்கும் வலு அந்த நேரத்தில் அவர்களிடம் இல்லை. இந்த டாக்டரை அப்படிப்பட்ட ஒருவராகக் கேட்டுப் பாருங்கள். தனியாக இருக்க விரும்புகிறேன் என்று வாயால் சொல்பவர், தெருவில் வாழும் ஒரு மூதாட்டியிடம் நின்று பேசுகிறார். அது எனக்கு எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத இடம்.

மாஸ்டரையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பரம எதிரியாக நாம் அறிந்த மாஸ்டர், இந்த நாடகத்தில் ஓர் இயந்திர உடலில், டார்டிஸை விட்டு வெளியேற முடியாதவராக, டாக்டருக்குத் துணையாக இருக்கிறார். டெரெக் ஜேக்கபி அவருக்குக் குரல் கொடுத்திருக்கிறார். உலகில் தமக்கென மிஞ்சிய ஒரே பேச்சுத்துணை பழைய பகைவனின் பொம்மை உருவம் என்றால், அந்த மனிதர் எவ்வளவு தூரம் தனித்துப் போயிருக்க வேண்டும்? ஜேக்கபியின் குரல் நயமாக, ஏறக்குறைய அன்பாகக்கூட ஒலிக்கிறது. அந்த நயம்தான் எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

கேட்பதா பார்ப்பதா என்பதற்கும் என் பதில் இதிலிருந்தே வருகிறது. இந்தக் கதையின் பகைவர்களான ஷால்காக்கள் நிலத்தடியில், எரிகுழம்பின் வெப்பத்தில் வாழ்பவர்கள். அவர்களுடைய ஆயுதம் அலறல். அலறலால் மனிதர்களை அடக்குகிறார்கள். மனிதர்களின் தொண்டையையே கருவியாக்கிப் பூமியின் வளிமண்டலத்தைக் குலைக்கத் திட்டமிடுகிறார்கள். ஒலியே பகையாகவும் மௌனமே சிறையாகவும் இருக்கும் கதையைக் காதால் கேட்பதுதான் முறை. நீங்கள் விளக்கை அணைத்துக் கேட்டது மிகச் சரி.

கோட்டோவியன் எழுதியது:

டாக்டரின் துயரத்தைப் பற்றி ஊமைத்தெரு எழுதியதை முழுமனதாக ஏற்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் ஏற்க முடியவில்லை.

நான் அனிமேஷன் வேலை செய்பவன் என்பதால் படத்தின் பக்கம் நின்று பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அனிமேஷனில் குரலைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். வரைபவர் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மூச்சு எங்கே வாங்கப்படுகிறது, சொல் எங்கே இழுபடுகிறது என்று குறித்துக்கொண்டு முகத்தை அசைப்பார். ஆகவே அந்த அசைவுகள் குரலுக்கு எழுதப்பட்ட உரை போன்றவை. இந்த டாக்டரின் முகத்தைப் பாருங்கள்: ஒட்டிய கன்னம், வெளிறிய தோல், ஆழத்தில் கிடக்கும் கண்கள், பழங்காலத்து நீண்ட மேலங்கி. தூக்கம் இல்லாத ஒருவரின் முகம் அது. அவர் பேசாமல் நிற்கும் நொடிகளில் குரல் உங்களுக்கு எதையும் தராது. அந்த முகம் தருகிறது. முழு அசைவுள்ள அனிமேஷனாக இருந்திருந்தால் அவர் கைகளை வீசிக்கொண்டே இருந்திருப்பார். அசைவுக்குப் பஞ்சம் இருந்ததால், அசைவதற்கே விருப்பமற்ற ஒரு மனிதர் நமக்குக் கிடைத்தார். இரவுவானொலி குறையாகக் கண்ட அந்த இறுக்கத்தை நான் பொருத்தமாகவே காண்கிறேன்.

மேலும், இந்த வேலை வீண் போகவில்லை. 1960களில் ஒளிபரப்பான பல பகுதிகளின் நாடாக்களை பிபிசி அழித்துவிட்டது. ஆனால் அன்றைய ரசிகர்கள் தங்கள் வீட்டில் ஒலியை மட்டும் நாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். 1968இல் வந்த ‘தி இன்வேஷன்’ கதையில் காணாமற்போன முதலாம், நான்காம் பகுதிகளை, அப்படித் தப்பிய ஒலியின் மேல் அனிமேஷனாக வரைந்து 2006இல் டிவிடியில் வெளியிட்டார்கள். வரைந்தது இதே காஸ்குரோவ் ஹால். படம் அழிந்து குரல் மட்டும் எஞ்சிய ஒரு நாடகத்துக்கு மீண்டும் முகம் கொடுக்க முடியும் என்று அவர்களுக்குத் துணிவு தந்ததில் ‘ஷால்கா’வுக்குப் பெரும் பங்கு உண்டு.

நீலப்பெட்டி எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டேன். அருகிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வேறொரு வேலையாக வந்திருந்த டேவிட் டென்னன்ட், இந்த நாடகத்தைப் பற்றி அறிந்து வற்புறுத்திக் கேட்டு ஒரு சிறு பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். பெயர்ப்பட்டியலில்கூட அவர் இல்லை. இரண்டு ஆண்டுகளில் அவரே பத்தாவது டாக்டரானார். ஜேக்கபியும் 2007இல் தொலைக்காட்சியில் மாஸ்டராக வந்தார். கிராண்டின் டாக்டருக்குத்தான் நெடுங்காலம் இடமே இல்லாமல் இருந்தது. 2024இல் வெளியான ‘ரோக்’ என்ற பகுதியில் டாக்டரின் முந்தைய முகங்கள் வரிசையாகத் தோன்றும்போது அவற்றினிடையே ரிச்சர்ட் இ. கிராண்டின் முகமும் ஒரு கணம் வந்து போனது. அந்தக் கணத்தைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இரவுவானொலி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு முதல் பகுதியை மூன்றாவது முறையாகப் போட்டேன்; இம்முறை படத்துடன், ஹெட்ஃபோனும் மாட்டிக்கொண்டு. அந்த மூதாட்டியிடம் அவர் பேசும் இடத்தில் நிறுத்தி, கோட்டோவியன் சொன்னபடி முகத்தை மட்டும் பார்த்தேன். பிறகு சற்றுப் பின்னால் ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு அதே இடத்தைக் கேட்டேன். குரலில் இருக்கும் கனிவு முகத்தில் இல்லை. முகத்தில் இருக்கும் களைப்பைக் குரல் மறைக்கப் பார்க்கிறது. அலிசன் இறுதியில் அவருடன் புறப்படுவது ஏன் என்பது எனக்கு முதல் இரண்டு முறையும் விளங்கவில்லை. இன்றிரவு ஆறாம் பகுதியை மீண்டும் பார்க்கப் போகிறேன்.