பூகி வூகி குழு: நோட்டீஸில் எங்களைப் பற்றி என்ன போடுவது?

கேட்பவர்: அஸ்தம்பட்டி கீபோர்டு

வணக்கம். சேலத்தில் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். பகலில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதும் வேலை. எங்கள் டிரம்மர் மினி லாரி ஓட்டுகிறார். பேஸ் கிதார் தம்பி செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருக்கிறான். பாடுகிற அக்கா மட்டும் சர்ச் கொயரில் பழகியவர். நாங்கள் சேர்ந்து அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸும், அதிலிருந்து பிறந்து இடது கை விடாமல் உருளும் பியானோ இசையான பூகி வூகியும் மட்டும் வாசிக்க ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். கோடை சீசனில் ஏற்காட்டு விடுதி ஒன்றில் மேடை கிடைத்திருக்கிறது. நோட்டீஸுக்கு, எங்கே படித்தோம், யாரிடம் கற்றோம் என்று ஆளுக்கு இரண்டு வரி வேண்டுமாம். யாரிடமும் இசைத் தேர்வு கிரேடு சர்டிபிகேட் கூட இல்லை. "லண்டனில் பயின்றவர்னு போட்டுக்கலாம், யார் பார்க்கப் போறா" என்கிறார் மேனேஜர். இன்னொன்று: வேகம் ஏறினால் என் இடது கை மரத்துப்போகிறது.

பதில்: மலைமேல் பியானோ

தம்பி, லண்டன் வேண்டாம். முன்வரிசையில் உட்காரும் எஸ்டேட்காரர் எவராவது எந்தக் கல்லூரி என்று கேட்பார், அக்கா பாட்டை மறந்துவிடுவார்.

இந்த இசையை வாசித்தவர்களில் யார் கல்லூரி போனார்கள்? டெக்சாஸ் பக்கம் மரம் வெட்டும் முகாம்களிலும் ரயில்பாதை ஓரச் சாராயக் கடைகளிலும் வளர்ந்த வாசிப்பு அது. சிகாகோவில் பியானோக்காரர்கள் ஆல்பர்ட் அம்மன்ஸும் மீட் லக்ஸ் லூயிஸும் டாக்சி ஓட்டினார்கள். லூயிஸ் 1927-இல் ரயில் ஓட்டத்தைப் பியானோவில் வாசித்து இசைத்தட்டு போட்டவர். இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் அவரைத் தேடிப் பிடித்தபோது கார் கழுவிக்கொண்டிருந்தார். இன்னொரு பியானோக்காரர் ஜிம்மி யான்சி பேஸ்பால் மைதானத்தில் புல்தரை பராமரித்தவர், ஏறக்குறைய 25 வருடம். இத்தனைக்கும் மற்றவர்கள் பார்த்துக் கற்றது அவரைத்தான். கன்சாஸ் சிட்டியில் பிக் ஜோ டர்னர் மது ஊற்றிக்கொடுத்தபடியே பாடுவார், பீட் ஜான்சன் பியானோ. 1938 டிசம்பரில் இவர்களில் அம்மன்ஸ், லூயிஸ், ஜான்சன், டர்னர் நால்வரும் நியூயார்க்கின் பெரிய கச்சேரி அரங்கமான கார்னகி ஹாலில் மேடை ஏறினார்கள். அதன் பிறகுதான் அமெரிக்கா முழுக்கப் பூகி பைத்தியம் பிடித்தது.

அதனால் மஞ்சள் மண்டி, மினி லாரி, கொலுசுப் பட்டறை என்றே போடுங்கள்.

இடது கைக்கு வருவோம். சி சுருதியில் என்றால் சி, ஈ, ஜி, ஏ, பி ஃபிளாட், ஏ, ஜி, ஈ: ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, எட்டு அடி. எட்டையும் சமமாகத் தட்டாதீர்கள். திஸ்ர நடையில் தகிட சொல்லி, 'த'விலும் 'ட'விலும் மட்டும் அடியுங்கள், 'கி'யை விழுங்குங்கள். மணிக்கட்டைத் தளரவிட்டு, வலது கையைத் தொடாமல், ப்ளூஸ் பாட்டின் ஒரு சுற்றான 12 பாரையும் மெதுவாகச் சுற்றி வாருங்கள். கீபோர்டில் தானே தாளம் போடும் ரிதம் ஸ்டைல் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். கல்யாண மேடைப் பழக்கம் அது, இங்கே ஆகாது.

பதில்: சூரமங்கலம் சங்கர்

அண்ணா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். 1943-இல் சிகாகோ போனதும் அங்கே லாரி ஓட்டினார். உங்கள் டிரம்மரிடம் சொல்லுங்கள், குஷியாகிவிடுவார். அப்புறம், நீங்கள் இடது கையில் எட்டடி வாசிக்கும்போது பேஸ் தம்பியும் அதையே வாசித்தால் சேறாகிவிடும். அவனை ஸ்கேலின் ஒன்றாம், ஐந்தாம் ஸ்வரங்களில் நடக்கச் சொல்லுங்கள்.

பதில்: அஸ்தம்பட்டி கீபோர்டு

ரொம்ப நன்றிங்க ஐயா, நன்றி சங்கர். தகிட சொல்லி வாசித்ததில் கை பரவாயில்லை, இரண்டாவது சுற்றில்தான் இறுகுகிறது. மண்டி, லாரி, பட்டறை எல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன். மேனேஜர் லண்டனை விட்டுவிட்டார். இப்போது கொலுசுப் பட்டறைத் தம்பியின் போட்டோவைப் பெரிதாகப் போடலாமா என்று கேட்கிறார். அக்காவுக்குத்தான் கோபம்.